மசோதா 128, சட்டம் 106: நடுவுல 22 எங்க போச்சு?

26 நவம்பர் 2024, இரவு 9.40 | பெரம்பூர்

அரசமைப்புச் சட்டத்துக்கு 75 வருஷம்னு காலையில இருந்து எல்லா சேனல்லயும் ஓடுது. குரூப் 1 படிக்கிறவன் கேக்குறேன். மகளிர் இடஒதுக்கீட்டை ஒரு கைடு 128ஆவது திருத்தம்னு போடுது, இன்னொரு கைடு 106ஆவதுன்னு போடுது. எது சரி? மீதி 22 எங்க?

இன்னொண்ணு. 543ல மூணுல ரெண்டு பங்குன்னா 362. அந்த 362 கையில இருந்தா எதை வேணா மாத்திக்கலாம், இல்லாட்டி ஒண்ணும் பண்ண முடியாது. இதுதான் என் வாதம். தப்புன்னா எங்க தப்புன்னு சொல்லுங்க.

26 நவம்பர், இரவு 10.25 | பாரிமுனை

இரண்டு கைடும் சரி. மசோதாவுக்கு எண் விழுவது அறிமுகத்தின்போது. சட்டத்துக்கு எண் விழுவது குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த பிறகு. தோற்றது, காலாவதியானது, திரும்பப் பெற்றது எல்லாம் மசோதா எண்ணைத் தின்றுவிட்டுப் போய்விடும். சட்டத்தின் எண் அதற்காகக் காத்திருக்காது.

ஜி.எஸ்.டி. 122ஆவது மசோதா, 101ஆவது சட்டம். முன்னேறிய வகுப்பு ஏழைகளுக்கான 10 சதவீதம் 124ஆவது மசோதா, 103ஆவது சட்டம். வரிசையும் ஒழுங்காக இருக்காது: 121ஆவது மசோதா (நீதிபதிகள் நியமன ஆணையம்) 99ஆவது சட்டமாகிவிட்டது, அதற்கு முன்பே வந்த 119ஆவது மசோதா (வங்கதேச எல்லை நிலப் பரிமாற்றம்) பின்தங்கி 100ஆவது சட்டமானது.

மகளிர் இடஒதுக்கீட்டிலேயே ஒரு எண் தொலைந்திருக்கிறது. 108ஆவது மசோதா 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் 186க்கு 1 என்று ஜெயித்தது. மக்களவையில் எடுக்கவே இல்லை. 2014இல் மக்களவை கலைந்ததும் செத்துப்போனது. மாநிலங்களவையில் பிறந்து அங்கேயே கிடக்கும் மசோதா சாகாது. மக்களவைக்குப் போய்க் காத்திருந்தால் மக்களவையோடு சேர்ந்து போய்விடும்.

தனிநபர் மசோதாக்களுக்கு இந்த வரிசை எண் கிடையாது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

26 நவம்பர், இரவு 11.10 | பாரிமுனை

362 பற்றி. அந்த எண் சட்டத்தில் எங்கும் இல்லை. திருத்தும் முறையைச் சொல்லும் 368ஆவது உறுப்பு (சட்டப்பிரிவு) கேட்பது இரண்டு தனித்தனிப் பரீட்சை, ஒவ்வொரு அவையிலும்:

ஒன்று, அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்கு மேல். காலியிடம், வராதவர், சிறையில் இருப்பவர் எல்லோரும் இந்த மொத்தத்தில் அடக்கம். மக்களவைக்கு 272, மாநிலங்களவைக்கு 123.

இரண்டு, வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல். ‘வாக்களிக்கவில்லை’ என்று பதிவு செய்பவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

10 சதவீத மசோதா 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் 323க்கு 3. 362 எட்டவில்லை, ஆனாலும் சட்டம். மறுநாள் மாநிலங்களவையில் 165க்கு 7. ஜனவரி 12 ஒப்புதல். ஐந்து நாளில் வேலை முடிந்தது.

ஆக 362 என்பது அத்தனை பேரும் வந்து அத்தனை பேரும் வாக்களித்தால் மட்டும் வரும் எண்.

27 நவம்பர், காலை 7.05 | தரமணி

அப்போ வெளிநடப்பு பண்றவங்க எதிர்க்கிறாங்களா ஆதரிக்கிறாங்களா? நம்ம ஊர்க் கட்சிகள் இதுல கெட்டிக்காரங்க ஆச்சே.

27 நவம்பர், காலை 8.30 | பாரிமுனை

கணக்கு போட்டுப் பாருங்கள். 540 பேர் வாக்களிக்கிறார்கள், ஆதரவு 350, எதிர்ப்பு 190. தேவை 360. தோல்வி. அந்த 190இல் 20 பேர் முழக்கமிட்டுவிட்டு வெளியே போகிறார்கள். இப்போது 520 பேர், தேவை 347. அதே 350 ஜெயித்துவிடும். கோஷம் எதிராக, கணக்கு ஆதரவாக.

ஆனால் முதல் பரீட்சையில் இந்த வித்தை செல்லாது. 271 பேர் ஆதரித்து, எதிர்க்க ஒருவர்கூட இல்லாமல் அவையே காலியாக இருந்தாலும் மசோதா தோற்கும்.

ஜி.எஸ்.டி. மசோதா 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் 203க்கு 0 என்று போனது. அன்று அ.தி.மு.க. வெளிநடப்பு. எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது, ஆனால் பதிவேட்டில் அந்த 0 இருந்திருக்காது.

27 நவம்பர், மாலை 6.15 | திருவான்மியூர்

மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஒரு ஓட்டுகூட உடையும். 1970 செப்டம்பர் 5, மன்னர் மானிய (முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்த தொகை) ஒழிப்பு மசோதா, மாநிலங்களவை. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224. அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து மசோதா விழுந்தது. ‘கிட்டத்தட்ட’ என்பதற்கு அங்கே இடமில்லை, 150 வேண்டும்.

பின்கதையும் இருக்கிறது. மசோதா விழுந்த கையோடு, மன்னர்களுக்கான அங்கீகாரத்தையே குடியரசுத் தலைவர் உத்தரவால் ரத்து செய்தார்கள். உச்ச நீதிமன்றம் அதே டிசம்பரில் அந்த உத்தரவை அடித்தது. தேர்தல் நடந்து பெரும்பான்மையோடு திரும்பி வந்து 1971இல் 26ஆவது திருத்தமாகவே செய்தார்கள். குறுக்கு வழியில் போய், கடைசியில் நேர் வழிக்கே வர வேண்டியதாயிற்று.

பெரம்பூர் தம்பிக்கு: விழுந்த அந்த மசோதாவின் எண் 24. இன்று ‘24ஆவது திருத்தம்’ என்று நீங்கள் படிப்பது வேறு, 1971இல் வந்தது. குடியரசுத் தலைவர் திருத்த மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாது, ஒப்புதல் அளித்தே ஆகவேண்டும் என்று ஆக்கியது அதுதான்.

27 நவம்பர், இரவு 9.50 | பெரம்பூர்

சரி, 362 போச்சு. 272ம் மூணுல ரெண்டும்னு வச்சுக்கறேன். ரெண்டு அவையிலயும் அது இருந்தா எதையும் மாத்தலாம்ல? வாதம் அங்கேயேதான் நிக்குது.

இன்னொரு சந்தேகம். மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு ஆனது எத்தனையாவது திருத்தம்? எந்த லிஸ்ட்லயும் காணோம்.

27 நவம்பர், இரவு 10.30 | திருவான்மியூர்

காணக் கிடைக்காது, அது திருத்தமே இல்லை. முதல் அட்டவணையில் ‘மெட்ராஸ்’ என்ற சொல் மாறியது உண்மை. ஆனால் அந்த வேலை 3ஆவது உறுப்பின் கீழ் சாதாரணச் சட்டத்தால் முடியும். 368இன் திருத்தமாக அதைக் கொள்ளக் கூடாது என்று 4ஆவது உறுப்பே சொல்லிவிடுகிறது. 1967 ஜூலை 18 பேரவைத் தீர்மானம், 1968இல் நாடாளுமன்றத்தில் பெயர் மாற்றச் சட்டம், 1969 ஜனவரி 14 முதல் அமல். சாதாரணப் பெரும்பான்மை போதும்.

மாநிலத்தின் சட்ட மேலவையும் அப்படித்தான், ஆனால் தலைகீழாக. 169ஆவது உறுப்புப்படி பேரவைதான் கடினமான பரீட்சை எழுத வேண்டும்: மொத்தத்தில் பாதிக்கு மேல், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு. நாடாளுமன்றத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை. 1986 நவம்பர் 1 அன்று நம் மேலவை போனது இந்த வழியில்தான். 2010இல் அதைத் திரும்பக் கொண்டுவரச் சட்டமே நிறைவேறியது, மேலவை மட்டும் வரவில்லை.

28 நவம்பர், காலை 6.40 | பாரிமுனை

பெரம்பூர் கேட்டதில் சாரம் இருப்பது ‘எதையும்’ என்ற சொல்லில். கொஞ்சம் நீளமாகப் போகும்.

இரண்டு அவையிலும் ஜெயித்த பிறகு சில திருத்தங்கள் மாநிலங்களுக்குப் போக வேண்டும். எவை என்று 368(2) பட்டியலிடுகிறது: குடியரசுத் தலைவர் தேர்தல், ஒன்றிய மாநில நிர்வாக அதிகார எல்லை, உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், சட்டமியற்றும் அதிகாரப் பகிர்வு, ஏழாவது அட்டவணையின் மூன்று பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், ஜி.எஸ்.டி. மன்றம், பிறகு 368 தானே. இவற்றில் கை வைத்தால் குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஏற்புத் தீர்மானம் போட வேண்டும். 28இல் 14. உத்தரப்பிரதேசமும் சிக்கிமும் இங்கே ஒரே எடை. காலக்கெடு கிடையாது. பாதி சேர்ந்த பிறகுதான் மசோதா குடியரசுத் தலைவரிடம் போகும்.

மாநிலத்தில் வேண்டியது சாதாரணப் பெரும்பான்மை. கோட்டையில் 234 பேர். கோரம் (அவை நடக்க வேண்டிய குறைந்தபட்ச வருகை) பத்தில் ஒரு பங்கு, அதாவது 24. பேரவைத் தலைவர் போக 23. ஏட்டளவில் 12 பேர் சரி என்றால் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டதாகிவிடும். மேலவையை ஒழிக்க இருந்த கெடுபிடி இதற்கு இல்லை. யார் யோசித்து வைத்தார்களோ.

பெரும்பான்மைக் கணக்கில் ஜெயித்துவிட்டு இந்த வாசலில் தடுக்கி விழுந்தவை இரண்டு.

முதலாவது 52ஆவது திருத்தம், 1985, கட்சித் தாவல் தடை. பத்தாவது அட்டவணையில் ஏழாவது பத்தி, தகுதி நீக்க விவகாரத்தில் எந்த நீதிமன்றமும் தலையிடக் கூடாது என்றது. உயர் நீதிமன்றத்தின் அரசுக்கும் அதிகாரிகளுக்கும் ஆணையிடும் ரிட் அதிகாரத்தைக் குறைப்பது மாநிலங்களைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம். கேட்கவில்லை. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் அந்தப் பத்தி மட்டும் செல்லாமல் போனது, மீதி பிழைத்தது. இன்று சபாநாயகர் தீர்ப்பை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள் என்றால், அன்று விட்டுப்போன அந்த ஒரு படிதான் காரணம்.

இரண்டாவது 97ஆவது, 2011, கூட்டுறவுச் சங்கங்கள். இயக்குநர்கள் 21 பேருக்கு மேல் கூடாது, பதவிக்காலம் 5 ஆண்டு என்று எல்லா மாநிலத்துக்கும் ஒரே அச்சு. கூட்டுறவு மாநிலப் பட்டியலில் 32ஆவது பதிவு. ‘அந்தப் பதிவில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லையே’ என்பது அரசின் வாதம். தொடாவிட்டாலும் மாநிலத்தின் கையைக் கட்டினால் தொட்டதுதான் என்றது நீதிமன்றம். 2013இல் குஜராத் உயர் நீதிமன்றம், 2021 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம். பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டும் அந்தப் பகுதி நிற்கிறது. ஒரு மாநிலத்துக்குள் இயங்கும் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்துக்கும் பால் சங்கத்துக்கும் இல்லை. பஞ்சாயத்துக்கான 73ஆவது திருத்தத்தில் மாநிலங்களைக் கேட்டிருந்தார்கள். அதே வேலையை இங்கே ஏன் விட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. 14 தீர்மானம் வாங்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

அதனால் மசோதா கையில் வந்ததும் ஓட்டை எண்ணாதீர்கள். எந்த உறுப்பைத் தொடுகிறது, தொடாமலே எதை நசுக்குகிறது என்று முதலில் பாருங்கள்.

28 நவம்பர், காலை 9.15 | தரமணி

உறுப்பினர்கள் உறுப்பைத் திருத்துறாங்க, கேக்கவே ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு. சட்டப்பிரிவுன்னு சொல்லக் கூடாதா?

28 நவம்பர், காலை 9.40 | பாரிமுனை

அதிகாரபூர்வத் தமிழாக்கத்தில் ‘உறுப்பு’. பள்ளிப் புத்தகத்தில் ‘பிரிவு’. பழைய பத்திரிகைகளில் ‘ஷரத்து’. தேர்வில் எதை எழுதினாலும் மார்க் குறையாது.

28 நவம்பர், இரவு 8.20 | திருவான்மியூர்

பாரிமுனை சார் சொன்ன மாநில வாசலில் நாம் நிற்கவே முடியாத ஒரு சந்தர்ப்பமும் உண்டு. கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது 42ஆவது திருத்தத்தில். 11ஆவது பதிவை எடுத்து, பொதுப்பட்டியலின் 25ஆவது பதிவுக்குள் போட்டார்கள். காடு, வனவிலங்கு, எடை அளவு, நீதி நிர்வாகம் எல்லாம் கூடவே போயின. பாதிக்கு மேல் மாநிலங்கள் ஏற்றன, 1976 டிசம்பர் 18 அன்று ஒப்புதல். முறைப்படி குறையே இல்லை.

தமிழ்நாட்டுப் பேரவை? 1976 ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டு, 1977 நடுவரை குடியரசுத் தலைவர் ஆட்சி. ஏற்கவோ மறுக்கவோ கோட்டையில் ஆளே இல்லை. நீட் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் 42ஐச் சொல்வார்கள், இதைச் சொல்வதில்லை. பேரவை இருந்து எதிர்த்திருந்தாலும் மற்ற மாநிலங்கள் பாதி சேர்ந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

29 நவம்பர், இரவு 10.05 | பெரம்பூர்

வாதத்தை வாபஸ் வாங்கிக்கறேன் சார். ஒரு கேள்வி மிச்சம். எதுக்குத் திருத்துறாங்க? கைடுல ‘மாறும் காலத்தின் தேவை’ன்னு ஒரே வரி.

30 நவம்பர், காலை 7.30 | பாரிமுனை

அந்த வரியை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் காரணம் ஒரு தீர்ப்பு, அல்லது ஒரு காலாவதித் தேதி.

தேதிக்கு உதாரணம் 334ஆவது உறுப்பு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான தொகுதி ஒதுக்கீடு முதலில் 10 ஆண்டுக்கு எழுதப்பட்டது. 8, 23, 45, 62, 79, 95, 104 என ஏழு திருத்தங்கள் பத்துப் பத்தாண்டாக நீட்டிக்கொண்டே வந்து இப்போது 2030இல் நிற்கிறது. இன்னொரு தேதி தொகுதி எண்ணிக்கை. நம் 39 மக்களவைத் தொகுதிகள் உறைந்து கிடப்பது 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை. உறைவை நீட்டத்தான் திருத்தம் வேண்டும். சும்மா இருந்தால் தானாக உருகும்.

தீர்ப்புக்கு உதாரணம் முதல் திருத்தமே. அது மெட்ராஸில் கிளம்பியது. வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்கள் 14 என்றால் பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம் 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று இதைச் செல்லாது என்றது. இங்கே கிளர்ச்சி, பெரியார் முன்னால். ஜூன் 18 அன்று, பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் கொடுக்கும் 15(4) சட்டத்தில் இருந்தது. 70 நாள். அப்போது இருந்தது தற்காலிக நாடாளுமன்றம், ஒரே அவை, அதனால் அந்த வேகம்.

அதே திருத்தத்தில் 19(2)இல் பேச்சுரிமைக்குப் புதிய கட்டுகள் விழுந்தன. அதற்கும் ஒரு காரணம் மெட்ராஸ்: பம்பாயிலிருந்து வந்த கிராஸ் ரோட்ஸ் பத்திரிகையை மெட்ராஸ் அரசு தடுத்து, ரொமேஷ் தாப்பர் வழக்கில் 1950இல் தோற்றிருந்தது. ஒரு கையில் இடஒதுக்கீட்டைக் கொடுத்து மறு கையில் பேச்சுரிமையை இறுக்கிய சட்டம் என்பதை நம் ஊரில் பாதிதான் சொல்கிறோம்.

30 நவம்பர், மதியம் 1.10 | தரமணி

நம்ம 69 சதவீத இடஒதுக்கீடும், கோர்ட்டுல இருந்து சட்டங்களைக் காப்பாத்துற ஒன்பதாவது அட்டவணையில பத்திரமா பூட்டி இருக்குல்ல, யாரும் தொட முடியாது.

30 நவம்பர், இரவு 9.00 | திருவான்மியூர்

பூட்டு இருக்கிறது, சாவி நீதிமன்றத்திடம். 1994 ஆகஸ்டில் 76ஆவது திருத்தம் நம் சட்டத்தை 257ஏ என்ற பதிவாக உள்ளே வைத்தது. 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் சொன்னது: 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு உள்ளே போன எந்தச் சட்டத்தையும் திருத்தத்தாலும் அழிக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறதா என்று சோதிக்கலாம். அந்த ஏப்ரல் 24, இந்தக் கட்டமைப்புக் கோட்பாட்டைச் சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த நாள், 13 நீதிபதிகளில் 7க்கு 6. 1994 அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

2007 வழக்கும் நம்முடையதுதான்: ஐ.ஆர். கொயல்லோ எதிர் தமிழ்நாடு. கூடலூர் ஜென்மம் (பரம்பரை உரிமை) நிலங்களுக்கான 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பகுதியை நீதிமன்றம் அடித்தது, 34ஆவது திருத்தம் அதை அட்டவணைக்குள் தூக்கிப் போட்டது. அங்கே ஆரம்பித்த வழக்கு.

பெரம்பூர் தம்பியின் ‘எதையும்’ கடைசியாக முட்டுவது இந்தச் சுவரில். நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99ஆவது திருத்தம் இரண்டு அவையிலும் எதிர்ப்பு ஓட்டே இல்லாமல் போனது. 16 மாநிலங்கள் ஏற்றன. வாசல் எல்லாம் சரி. 2015 அக்டோபர் 16 அன்று 4க்கு 1 என்று விழுந்தது.

17 டிசம்பர், பிற்பகல் 3.30 | தரமணி

ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதா தோத்துருச்சு! 269க்கு 198. மூணுல ரெண்டு பங்கு இல்லையே!

17 டிசம்பர், மாலை 5.45 | பாரிமுனை

தோற்கவில்லை. அது அறிமுகத் தீர்மானம், சாதாரணப் பெரும்பான்மை போதும். 129ஆவது மசோதா அறிமுகமாகிவிட்டது. ஆனால் 467 பேர் வாக்களித்ததில் மூன்றில் இரண்டு 312. இதே வருகையில் நிறைவேற்ற வேண்டுமானால் 43 குறைகிறது. கணக்காக அது பேசும், தோல்வியாக அல்ல.

நான் முன்பு எல்லாக் கட்டத்துக்கும் இரட்டைப் பரீட்சை என்பது போல எழுதிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். அறிமுகம், குழுவுக்கு அனுப்புவது, மசோதாவின் ஷரத்துகளுக்கு (உட்பிரிவுகளுக்கு) உறுப்பினர்கள் கொண்டுவரும் மாற்றங்கள்: சாதாரணப் பெரும்பான்மை. பரிசீலனைத் தீர்மானம், ஒவ்வொரு ஷரத்து, இறுதி நிறைவேற்றம்: இரட்டைப் பரீட்சை, அதுவும் குரல் வாக்கில் அல்ல, எண்ணி. மூன்றரை நிமிடம் மணி அடிக்கும், தாழ்வாரக் கதவுகளைச் சாத்துவார்கள், பிறகு பொத்தான். பொத்தான் வேலை செய்யாதவருக்குச் சீட்டு: ஆம் பச்சை, இல்லை சிவப்பு, விலகல் மஞ்சள். இன்றும் பலகையில் வந்த எண் வேறு, சீட்டு சேர்ந்த பிறகு வந்த எண் வேறு. 2023இல் மகளிர் மசோதாவின் 454க்கு 2 முழுக்கச் சீட்டில் எண்ணியது.

இரு அவைகள் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் போட்டுச் சமாளிக்கும் வழி திருத்த மசோதாவுக்கு இல்லை.

17 டிசம்பர், இரவு 9.20 | திருவான்மியூர்

இதற்கு மாநில ஏற்பு வேண்டுமா என்பதுதான் இனி சண்டை. 82ஏ என்று புதிதாக ஒன்று, 83, 172, 327இல் மாற்றம். முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையில் இதை ஆராய்ந்த குழு, மக்களவை, பேரவைத் தேர்தல்களைச் சேர்ப்பதற்கு வேண்டாம், உள்ளாட்சியைச் சேர்ப்பதற்கும் ஒரே வாக்காளர் பட்டியலுக்கும் வேண்டும் என்று பிரித்தது. 368(2) பட்டியலில் 172 (பேரவையின் ஆயுள் பற்றியது) இல்லை, அது உண்மை. ஆனால் பேரவையின் ஆயுளைக் குறைப்பது மாநிலத்தைத் தொடாத காரியமா? 97ஆவதிலும் ‘எழுத்தைத் தொடவில்லை’ என்றுதான் வாதிட்டார்கள்.

18 டிசம்பர், காலை 6.55 | பாரிமுனை

நவம்பர் 26 குறிப்பில் ஒரு பிழை, யாரும் பிடிக்கவில்லை. 2019 ஜனவரி வாக்கெடுப்புக்குப் பொதுவாக 272 என்று எழுதிவிட்டேன். அன்று மக்களவையின் மொத்தம் 545, இரண்டு நியமன ஆங்கிலோ இந்திய இடங்களும் சேர்த்து. பாதிக்கு மேல் என்றால் 273. அந்த இடங்களை 2020இல் எடுத்தது 104ஆவது திருத்தம். அதன் பிறகுதான் 543, 272. நம் பேரவை 235இலிருந்து 234 ஆனதும் அதே கணக்கு.

18 டிசம்பர், காலை 7.20 | பெரம்பூர்

கைடுல இன்னும் 545ன்னுதான் சார் இருக்கு. பேனாவால அடிச்சுட்டேன்.